ஓடும் நிரலை நிறுத்தாமல் உள்ளே பார்ப்பது எப்படி? பைத்தானுக்குள் பதிந்திருக்கும் ப்ரோப்களும் ஒரு கோத்தகிரி எடைக் கணக்கும்

மாலை நான்கு மணி. கோத்தகிரியைச் சுற்றியுள்ள ஹட்டிகளிலிருந்து (படுகர் ஊர்கள்) பசுந்தேயிலை மூட்டைகள் கொள்முதல் நிலையங்களுக்கு வந்து சேரும் நேரம். மூட்டை தராசில் ஏறுகிறது, எடை கைக்கருவியில் பதிவாகிறது, அங்கிருந்து தொழிற்சாலையில் இருக்கும் சர்வருக்குப் போகிறது, விவசாயியின் கைக்குச் சீட்டு வருகிறது. ஒரு நொடியில் முடிய வேண்டிய வேலை. சில நாட்களில் மட்டும் மூன்று நொடி, நான்கு நொடி என்று இழுக்கிறது. வரிசை நீள்கிறது, பிக்கப் வண்டிகள் வாசலில் நிற்கின்றன. இலையோ காத்திருக்காது. மூட்டைக்குள் அழுத்தி வைத்த கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும்.

இப்படி ஒரு தொழிற்சாலையைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். கீழே அதன் கணக்கில் வரும் எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. ஆனால் சிக்கல் கற்பனை அல்ல. சர்வர் வைத்திருக்கும் எவரும் ஏதாவது ஒரு வடிவத்தில் இதைப் பார்த்திருப்பார்கள்: எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் தெரிகிறது, ஆனாலும் மெதுவாக இருக்கிறது. சர்வரில் ஓடுவது பைத்தான் நிரல், பதிப்பு 3.8. பின்னால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். இரண்டுக்குள்ளும் அவற்றை உருவாக்கியவர்களே பதித்து வைத்த கண்காணிப்புப் புள்ளிகள், அதாவது ப்ரோப்கள், இருக்கின்றன. அவற்றை எழுப்பத் தெரிந்தால், நிரலை நிறுத்தாமல், ஒரு வரிகூட மாற்றாமல், நான்கு மணிக்கே உள்ளே பார்த்துவிடலாம். அந்தப் புள்ளிகள் என்ன, எப்படி வேலை செய்கின்றன, எங்கே ஏமாற்றும் என்பதே இந்தக் கட்டுரை.

லாக் ஏன் போதவில்லை

முதலில் எல்லோரும் பார்ப்பது லாக், அதாவது நிரல் தானே எழுதிவைக்கும் பதிவு. "சீட்டு சேமிக்கப்பட்டது, 4:02:11" என்று வரி வரியாக இருக்கும். பிழை எதுவும் இருக்காது. சேமிக்கப்பட்டது உண்மைதான், எவ்வளவு நேரம் எங்கே போனது என்பது அதில் இல்லை. லாக்கின் அடிப்படைக் குறை இதுதான்: நிரலை எழுதியவர் அன்றைக்கு எதை முக்கியம் என்று நினைத்தாரோ அது மட்டுமே அதில் இருக்கும். இன்றைக்கு நமக்கு வந்திருக்கும் கேள்வி அவருக்கு அன்று வந்திருக்காது.

சரி, நிரலில் இன்னும் நான்கு லாக் வரிகளைச் சேர்த்துவிட்டு மறுபடி ஓட்டலாமே? சேர்க்கலாம். அதற்கு நிரலை மாற்ற வேண்டும், சோதிக்க வேண்டும், சர்வரை நிறுத்தித் தொடங்க வேண்டும். எந்த இடத்தில் சேர்ப்பது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும், அது தெரியாததுதானே பிரச்சினை. நிரலை நிறுத்தி நிறுத்திப் பிழை தேடும் கருவியான டீபக்கரை இரவு பத்து மணிக்கு மாட்டிப் பார்த்தால் சர்வர் சும்மா இருக்கும், கோளாறு தலைகாட்டாது. நான்கு மணிக்கு டீபக்கரை மாட்டினால் சர்வரே நின்றுவிடும்.

ஸ்ட்ரேஸ் என்ற பழைய கருவி இருக்கிறது. லினக்ஸில் ஒரு நிரல், இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலிடம் வைக்கும் ஒவ்வொரு கோரிக்கையையும் அது காட்டும். ஆனால் ஒவ்வொரு கோரிக்கைக்கும், போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை நிரலை நிறுத்தி நிறுத்தி விடும். ஏற்கெனவே திணறும் சர்வரில் அதை மாட்டுவது நொண்டுகிறவர் தோளில் மூட்டையை ஏற்றுவது போல. அதோடு, பைத்தானுக்குள் எந்த ஃபங்ஷன் ஓடுகிறது என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

ட்ரையரின் வெப்பமானி

தேயிலை ட்ரையரைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். நொதித்து வந்த தூள் சூடான காற்றில் காய்ந்து, கடைசியில் சுமார் 3 சதவீத ஈரம் மட்டும் மிஞ்சும்படி வெளியே வர வேண்டும். உள்ளே வெப்பம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளக் கதவைத் திறந்து கையை நீட்டினால், திறந்த கணத்திலேயே வெப்பம் மாறிவிடும். நாம் அளந்தது கதவு திறந்த ட்ரையரின் வெப்பம், மூடிய ட்ரையருடையது அல்ல. அதனால்தான் காற்று நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் வெப்பமானி பொருத்துவதற்கான இடத்தை, இயந்திரத்தைச் செய்யும்போதே விட்டுவிடுகிறார்கள்.

நிரலுக்குள் இருக்கும் ப்ரோப் அந்த வெப்பமானிக்கான இடம். மொழியை உருவாக்கியவர்களே, "இங்கே யாராவது ஒருநாள் அளக்க விரும்பலாம்" என்று யோசித்து விட்டுவைத்தது. அளக்காத நாட்களில் அது இருப்பதே தெரியாது.

தொடரும் முன் சில சொற்கள்

1. ரன்டைம்: நாம் எழுதிய நிரலை ஓட்டிவைக்கும் அடித்தளம். பைத்தானுக்கு அதன் இன்டர்ப்ரெட்டர், ஜாவாவுக்கு அதன் மெய்நிகர் இயந்திரம். நினைவகத்தை ஒதுக்குவது, குப்பை அள்ளுவது, ஃபங்ஷன்களை அழைப்பது எல்லாம் இதன் வேலை. நாம் எழுதாத, ஆனால் நம் நேரத்தைச் செலவழிக்கும் பகுதி.

2. டிரேசிங்: நிரல் ஓடும்போது உள்ளே நடப்பதைத் தடம் பிடித்துப் பார்ப்பது.

3. ப்ரோப்: தடம் பிடிப்பதற்கான ஒரு புள்ளி. இதில் இரண்டு வகை உண்டு. ஓடும் நிரலில் நாம் விரும்பிய இடத்தில் துளையிட்டுப் பார்ப்பது ஒன்று. உருவாக்கியவரே பெயர் வைத்துப் பதித்தது இன்னொன்று. முதல் வகையில் எங்கு வேண்டுமானாலும் துளையிடலாம், ஆனால் அடுத்த பதிப்பில் அந்த இடம் நகர்ந்துவிடும். இரண்டாவது வகையில் இடங்கள் குறைவு, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஒரு பொருளும் உண்டு. இந்தக் கட்டுரை இரண்டாவது வகையைப் பற்றியது.

4. குப்பை சேகரிப்பு: இனித் தேவைப்படாத பொருள்களைக் கண்டுபிடித்து நினைவகத்தை விடுவிப்பது. இது நடக்கும்போது பைத்தான் நிரலின் மற்ற வேலைகள் காத்திருக்கும். அதனால் மெதுவாகும் சர்வரில் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

144 என்ற பைட் 204 ஆகும் கதை

ப்ரோப் தூங்கும்போது ஏறக்குறைய எதுவும் செலவாகாது என்று சொன்னால் பலரும் நம்புவதில்லை. எப்படி என்று கிட்டப்போய்ப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும்.

பைத்தான் இன்டர்ப்ரெட்டர் சி மொழியில் எழுதப்பட்டது. அதை கம்பைல் செய்யும்போது, அதாவது சில்லுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும்போது, ப்ரோப் இருக்க வேண்டிய இடத்தில் கம்பைலர் "ஒன்றும் செய்யாதே" என்ற ஒரே ஒரு கட்டளையை வைக்கிறது. இன்டெல், ஏஎம்டி சில்லுகளில் இது ஒரு பைட், அதன் மதிப்பு 144. சில்லு அந்த இடத்துக்கு வரும், ஒன்றும் செய்யாமல் கடந்துபோகும்.

அதே நேரத்தில், கோப்பின் ஓரத்தில் தனியாக ஒரு குறிப்பு எழுதப்படுகிறது: இந்த முகவரியில் இந்தப் பெயருள்ள ப்ரோப் இருக்கிறது, அதன் முதல் மதிப்பு இந்த ரெஜிஸ்டரில் (சில்லுக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) கிடைக்கும், இரண்டாவது மதிப்பு அங்கே கிடைக்கும். நிரல் ஓடும்போது யாரும் இந்தக் குறிப்பைப் படிப்பதில்லை.

இப்போது நாம் ஒரு டிரேசிங் கருவியை ஓட்டி, அந்த ப்ரோபை எழுப்பச் சொல்கிறோம். கருவி குறிப்பைப் படித்து முகவரியைத் தெரிந்துகொள்கிறது. கர்னல் அந்த இடத்தில் இருக்கும் 144-ஐ 204 என்று மாற்றி எழுதுகிறது. வட்டில் இருக்கும் கோப்பை அது தொடுவதில்லை, நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பிரதியை மட்டும்தான் மாற்றுகிறது. 204 என்றால் "நில், கர்னலைக் கூப்பிடு". அடுத்த முறை சில்லு அங்கே வரும்போது கட்டுப்பாடு கர்னலுக்குத் தாவும். நாம் கொடுத்த சின்னஞ்சிறு நிரல் அங்கே ஓடும், எண்ணிக்கையைக் கூட்டும் அல்லது நேரத்தைக் குறிக்கும். உடனே பழைய இடத்துக்குத் திரும்பி, பைத்தான் ஒன்றும் நடக்காதது போலத் தொடரும். நாம் கருவியை நிறுத்தியதும் 204 மறுபடி 144 ஆகிவிடும்.

இதில் இன்னொரு நுணுக்கம். ப்ரோபுக்குக் கொடுக்க வேண்டிய மதிப்புகளை, அதாவது கோப்பின் பெயர், ஃபங்ஷனின் பெயர் போன்றவற்றைத் தயாரிக்கவே கொஞ்சம் வேலை உண்டு. யாரும் கேட்காதபோது அந்த வேலையைச் செய்வது வீண். அதனால் ஒவ்வொரு ப்ரோபுக்கும் ஓர் எண் வைத்திருக்கிறார்கள். எத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதே அந்த எண். அது பூஜ்யமாக இருந்தால் பைத்தான் தயாரிப்பு வேலைக்கே போகாது.

நாம் கொடுக்கும் சின்ன நிரல் கர்னலுக்குள் ஓடுகிறதே, அதில் பிழை இருந்தால் சர்வர் படுத்துவிடாதா? லினக்ஸில் ஈபிபிஎஃப் என்ற அமைப்பு, நிரலை ஏற்றும் முன் ஒவ்வொரு பாதையையும் சரிபார்க்கிறது. முடிவில்லாமல் சுற்றுமா, தொடக்கூடாத நினைவகத்தைத் தொடுமா என்று பார்த்து, சந்தேகம் இருந்தால் ஏற்க மறுத்துவிடும்.

எங்கிருந்து வந்தது

இந்த யோசனையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம். பிரையன் கான்ட்ரில், மைக் ஷப்பிரோ, ஆடம் லெவந்தால் மூவரும் உருவாக்கிய டிடிரேஸ், 2005-இல் சோலாரிஸ் 10-உடன் வெளியானது. பிறகு ஆப்பிளின் மேக் இயங்குதளத்துக்கும் ஃப்ரீபிஎஸ்டிக்கும் போனது. லினக்ஸ் தன் வழியில் வந்தது: சிஸ்டம்டேப் முதலில், 2012-இல் கர்னல் 3.5-இல் யூப்ரோப் வசதி, அதன்பின் ஈபிபிஎஃப், அதன்மேல் பிபிஎஃப்டிரேஸ் என்ற எளிய கருவி. 144-ஐ 204 ஆக்கும் வேலையைச் செய்வது அந்த யூப்ரோப்தான்.

மொழிகளும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஜாவா 6, பிஎச்பி 5.4, 2013-இல் ரூபி 2.0, 2016 டிசம்பரில் பைத்தான் 3.6. தரவுத்தளங்களில் போஸ்ட்கிரெஸ் 8.2 முதலே வைத்திருக்கிறது.

பைத்தானில் இருப்பவை மிகக் குறைவு, அதனால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். ஒரு ஃபங்ஷன் தொடங்கும்போது ஒன்று, முடியும்போது ஒன்று: இரண்டும் கோப்பின் பெயர், ஃபங்ஷனின் பெயர், வரி எண் மூன்றையும் தரும். ஒவ்வொரு வரி ஓடும் முன் ஒன்று. குப்பை சேகரிப்பு தொடங்கும்போது ஒன்று, எந்தத் தலைமுறையை, அதாவது எவ்வளவு காலமாக இருந்துவரும் பொருள்களை, அலசப்போகிறது என்று சொல்லும். முடியும்போது ஒன்று, எத்தனை பொருள்களை அள்ளியது என்று சொல்லும். 3.7-இல் ஒரு மாட்யூலை (தனிக் கோப்பாக இருக்கும் நிரல் பகுதி) தேடி ஏற்றும் வேலைக்குத் தொடக்கமும் முடிவும் சேர்ந்தன. 3.8-இல் தணிக்கை நிகழ்வுக்கு, அதாவது கண்காணிப்புக்காகப் பெயரிட்டு எழுப்பும் அறிவிப்புக்கு, ஒன்று. ரூபியில் இதைவிடத் தாராளம்: ஒவ்வொரு சரமும் பட்டியலும் உருவாவதற்குக்கூட ப்ரோப் உண்டு.

கேள்வியை அமைக்கும் விதம்

டிடிரேஸிலும் பிபிஎஃப்டிரேஸிலும் ஒரு கேள்விக்கு மூன்று பகுதிகள்: எந்தப் புள்ளியில், எந்த நிபந்தனையில், என்ன செய்ய வேண்டும். "குப்பை சேகரிப்பு தொடங்கும்போது, இந்த நிரலாக இருந்தால், நேரத்தைக் குறித்துக்கொள்." "அது முடியும்போது, குறித்த நேரத்தைக் கழித்து, வித்தியாசத்தை அடுக்கு வரைபடத்தில் (எந்த அளவில் எத்தனை முறை என்ற கணக்கு) சேர்." இரண்டே வாக்கியம், கருவியின் மொழியிலும் இரண்டே வரிதான் வரும்.

கணக்கிடுவது கர்னலுக்குள்ளேயே நடக்கிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஒவ்வொரு நிகழ்வையும் வெளியே எழுதிப் பிறகு கூட்டுவதில்லை. லட்சம் முறை நடந்தாலும் நமக்குக் கிடைப்பது பத்து வரி விடை. மலையில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் ஆளும் வர முடியாது, சில சமயம் இணைப்பும் போய்விடும். சில ஜிபி தடப்பதிவைக் கோவைக்கோ பெங்களூருக்கோ ஏற்றி அனுப்பிப் பார்க்கச் சொல்வதைவிட, பத்து வரியை வாட்ஸ்அப்பில் அனுப்புவது எவ்வளவோ மேல்.

நம் தொழிற்சாலைக்கு வருவோம். மூன்று சந்தேகங்கள்: பைத்தானின் குப்பை சேகரிப்பு, தரவுத்தளம், நம் நிரல். தேதி 25, மாலை 4:10.

முதல் கேள்வி, குப்பை சேகரிப்பு எவ்வளவு நேரம் எடுக்கிறது? முழு நினைவகத்தையும் பார்க்கும் மூத்த தலைமுறைக்கு மட்டும், பத்து நிமிடம்:

8 முதல் 16 மில்லிசெகண்ட் வரை: 3 முறை
16 முதல் 32 வரை: 5 முறை
32 முதல் 64 வரை: 1 முறை

அவ்வளவுதான். மிக மோசமானதுகூட 64 மில்லிசெகண்டைத் தாண்டவில்லை. மூன்று நொடித் தாமதத்துக்கு இது காரணமாக முடியாது. இந்த விடையின் மதிப்பைக் குறைத்து எடை போடக் கூடாது. இது இல்லாவிட்டால் யாராவது குப்பை சேகரிப்பின் அமைப்புகளை மாற்றிப் பார்க்கச் சொல்வார்கள், இரண்டு வாரம் அதில் போகும்.

இரண்டாவது, தரவுத்தளம். போஸ்ட்கிரெஸில் ஒரு வினவல் தொடங்குவதற்கும் முடிவதற்கும் ப்ரோப் உண்டு. கருவியும் அதே, கடிகாரமும் அதே. விடை: ஏறக்குறைய எல்லா வினவலும் 4 மில்லிசெகண்டுக்குள் முடிகிறது. மென்பொருள் கொடுத்தவர் "தரவுத்தளம்தான்" என்று சொல்லியிருந்தால், அவரிடம் காட்ட இப்போது கையில் ஆதாரம் இருக்கிறது.

மூன்றாவது, நம் நிரலில் எந்த ஃபங்ஷன் எத்தனை முறை அழைக்கப்படுகிறது? ஃபங்ஷன் தொடக்க ப்ரோப், பெயர்வாரியாக எண்ணிக்கை, பத்து நொடி மட்டும்:

சீட்டைச் சேமிக்கும் ஃபங்ஷன்: 97
விவசாயியின் மாதக் கூட்டுத்தொகை ஃபங்ஷன்: 97
ஒரு பழைய சீட்டின் தேதியைப் பிரிக்கும் ஃபங்ஷன்: 1,94,000

மூன்றாவது வரியைப் பாருங்கள். 1,94,000-ஐ 97-ஆல் வகுத்தால் சரியாக 2,000. ஒவ்வொரு புதுச் சீட்டுக்கும் இரண்டாயிரம் பழைய சீட்டுகளின் தேதி பிரிக்கப்படுகிறது.

ஏன் 2,000? அந்த 97 சீட்டுகள் பல நிலையங்களிலிருந்து ஒன்றாக வந்தவை; ஒவ்வொரு நிலையத்திலும் நாளுக்குச் சுமார் 80 சீட்டு. தேதி 25. 80-ஐ 25-ஆல் பெருக்கினால் 2,000. பசுந்தேயிலைக்குத் தேயிலை வாரியம் மாதத்துக்கு ஒருமுறை விலை அறிவிப்பதால், பட்டுவாடாக் கணக்கும் மாதவாரியாகவே ஓடுகிறது. சீட்டின் அடியில் "இந்த மாதம் இதுவரை இத்தனை கிலோ" என்று அச்சிட வேண்டும். அதற்காக நிரல், நிலையத்தின் அந்த மாதச் சீட்டுகள் அனைத்தையும் முதலிலிருந்து மறுபடி புரட்டி, ஒவ்வொன்றின் தேதியையும் பிரித்துப் பார்த்து, இந்த விவசாயியின் சீட்டா என்று சோதித்துக் கூட்டுகிறது.

முதல் தேதியன்று புரட்ட ஒன்றுமே இல்லை, மின்னல் வேகம். மாதக் கடைசியில் ஒரு சீட்டுக்கு 100 மில்லிசெகண்ட். ஒரு நிலையம் என்றால் அதுவும் தெரியாது. ஆனால் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களில், கைக்கருவிகள் எடைகளைச் சேர்த்து வைத்து, இணைப்பு கிடைத்ததும் ஒரே மூச்சில் அனுப்பும். முப்பது சீட்டு ஒரே நேரத்தில் வந்து விழுந்தால், பைத்தான் ஒரு ப்ராசஸில் (ஓடும் நிரலின் ஒரு பிரதி) ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கணக்கிடும், கடைசிச் சீட்டு மூன்று நொடி காத்திருக்கும். "சிக்னல் பிரச்சினை" என்று சொன்ன ஆபரேட்டரும் ஒரு விதத்தில் சரியாகத்தான் சொன்னார். சிக்னல் திரும்பி வரும் நொடியில்தான் நெரிசல்.

திருத்தம் எளிது: விவசாயிவாரியாக ஓடும் கூட்டுத்தொகையை ஒரு நெடுவரிசையில் வைத்து, புது எடையை அதில் சேர்த்துவிடுவது. திருத்தியபின் அதே கேள்வியை மறுபடி கேட்டால் மூன்றாவது வரி மறைந்திருக்க வேண்டும். மறைந்ததா என்று பார்ப்பதும் கடமையில் ஒரு பகுதி.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குறிப்பிட்ட இடைவெளியில் எட்டிப்பார்த்து, எந்த ஃபங்ஷனில் அதிக நேரம் போகிறது என்று சொல்லும் ப்ரொஃபைலர்களும் உண்டு. அவையும் தேதி பிரிக்கும் ஃபங்ஷனைத்தான் காட்டியிருக்கும். "அதை வேகமாக்கு" என்ற முடிவுக்கு நாம் வந்திருப்போம். எண்ணிக்கைதான், "அதை ஏன் இத்தனை முறை கூப்பிடுகிறாய்" என்ற சரியான கேள்வியைக் கொடுத்தது.

எழுப்பினால் ஆகும் செலவு

தூங்கும் ப்ரோபுக்கு ஏறக்குறைய செலவில்லை. எழுப்பிய ப்ரோபுக்கு உண்டு. ஒவ்வொரு முறையும் கர்னலுக்குத் தாவித் திரும்ப, இயந்திரத்தைப் பொறுத்து, ஒன்று முதல் சில மைக்ரோசெகண்ட் ஆகும். கேட்கச் சிறியதாகத்தான் இருக்கும். ஒரு நொடியில் பத்து லட்சம் முறை நடக்கும் இடத்தில் வைத்தால், ஒரு மைக்ரோசெகண்ட் வீதம் மொத்தம் ஒரு நொடி. அதாவது ஒரு முழு சில்லுக் கருவே அளப்பதற்குப் போய்விடும்.

அதனால் சில நடைமுறைகள்:

1. குப்பை சேகரிப்பு, மாட்யூல் ஏற்றுதல், வினவல் போன்றவை அரிதாக நடப்பவை. இவற்றை மணிக்கணக்கில் எழுப்பி வைக்கலாம்.

2. ஃபங்ஷன் தொடக்கம், முடிவு: பத்து நொடி, முப்பது நொடி. அதற்கு மேல் வேண்டாம்.

3. வரி ப்ரோப்: நேரலை சர்வரில் தொடாமல் இருப்பதே நல்லது.

4. பலரும் தவறவிடுவது: "இந்தப் பெயருள்ள ஃபங்ஷனை மட்டும் பார்" என்று நிபந்தனை வைத்தால் செலவு குறையும் என்று நினைப்பார்கள். குறையாது. ப்ரோப் எல்லா ஃபங்ஷன்களுக்கும் ஒன்றே. எல்லாவற்றுக்கும் கர்னலுக்குத் தாவிய பிறகுதான் நிபந்தனை சோதிக்கப்படுகிறது. நிபந்தனை விடையைச் சுருக்கும், செலவைச் சுருக்காது.

எங்கே ஏமாற்றும்

கேட்டதும் கிடைக்கும் என்று நினைத்து உட்கார்ந்தால் முதல் அரைமணி நேரம் எரிச்சலில் போகும். அதை மிச்சப்படுத்தச் சில குறிப்புகள்.

பைத்தானை கம்பைல் செய்யும்போதே ப்ரோப் வசதியைச் சேர்க்கச் சொல்லியிருக்க வேண்டும், அது தானாகச் சேராது. உங்கள் சர்வரில் இருக்கும் பைத்தானில் இருக்கிறதா என்று ரீட்எல்ஃப் கருவியால் கோப்பின் குறிப்புகளைப் பட்டியலிட்டுப் பார்க்கலாம், பிபிஎஃப்டிரேஸும் பட்டியலிடும். பட்டியல் காலியாக இருந்தால் உடனே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். சில நிறுவல்களில் பைத்தான் என்ற கோப்பு வெறும் வாசல்தான், உண்மையான இன்டர்ப்ரெட்டர் தனி நூலகக் கோப்பில் இருக்கும். அதைக் கேட்டுப் பாருங்கள்.

ஆவணத்தில் பெயர் இருப்பதாலேயே உங்கள் பதிப்பில் அது வேலை செய்யும் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வேகத்துக்காக இன்டர்ப்ரெட்டரின் உள்பகுதியைத் திருத்தி எழுதும்போது ப்ரோப்கள் விடுபட்டுப்போக வாய்ப்புண்டு. நோட்.ஜேஎஸ் ஒரு காலத்தில் வைத்திருந்த டிடிரேஸ் ப்ரோப்களைப் பின்னாளில் எடுத்தேவிட்டது. பைத்தானோ 3.12-இல், நிரலுக்குள்ளிருந்தே குறைந்த செலவில் கண்காணிக்கத் தனி வசதி ஒன்றைக் கொண்டுவந்தது. நல்ல வசதிதான், ஆனால் அதற்கு நிரலுக்குள் கொஞ்சம் எழுத வேண்டும். வெளியிலிருந்து, தொடாமல் பார்ப்பது வேறு.

ஃபங்ஷன் ப்ரோப் பைத்தானில் எழுதிய ஃபங்ஷன்களுக்கு மட்டுமே அடிக்கும். சி மொழியில் எழுதிய உள்ளமைந்த ஃபங்ஷன்கள் அதன் கண்ணில் படாது. ஒரு பெரிய பட்டியலை வரிசைப்படுத்துவதில் நேரம் போனால், அது அழைத்த ஃபங்ஷனின் கணக்கில் சேர்ந்து நிற்கும். ரூபி இதற்குத் தனி ப்ரோப் வைத்திருக்கிறது, பைத்தானில் இல்லை.

இடையில் நின்று மதிப்பைக் கொடுத்துவிட்டு மறுபடி தொடரும் ஜெனரேட்டர் வகை ஃபங்ஷன்களில், ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு முடிவாகவும் ஒவ்வொரு தொடர்ச்சியும் ஒரு தொடக்கமாகவும் எண்ணப்படும். "ஆயிரம் முறை அழைக்கப்பட்டது" என்று வந்தால், உண்மையில் ஒரே அழைப்பு ஆயிரம் முறை நின்று போயிருக்கலாம்.

யார் பார்க்கலாம்

ப்ரோபை எழுப்ப சர்வரின் முழு நிர்வாக உரிமை வேண்டும், அல்லது அதற்கென ஒதுக்கிய சிறப்பு அனுமதிகள் வேண்டும். இது தொந்தரவு அல்ல, பாதுகாப்பு. பைத்தானின் ஃபங்ஷன் ப்ரோப் பெயரையும் வரியையும்தான் காட்டும். ஆனால் போஸ்ட்கிரெஸின் வினவல் ப்ரோப் வினவலின் முழு எழுத்தையும் தரும். நிரல் எழுதப்பட்ட விதத்தைப் பொறுத்து, அதில் விவசாயியின் பெயர், வங்கிக் கணக்கு எண், அவருக்குச் சேர வேண்டிய தொகை எல்லாம் அப்படியே இருக்கலாம். நேரத்தை மட்டும் அளக்கவும், எழுத்தை வெளியே எடுக்க வேண்டாம். எடுத்தே ஆக வேண்டும் என்றால் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். பத்து வரி எண்ணிக்கையை அனுப்புவதும் பத்துப் பேரின் கணக்கு எண்ணை அனுப்புவதும் ஒன்றல்ல.

உங்கள் நிரலிலும் ஒரு புள்ளி

இதுவரை மொழி வைத்துத் தந்த புள்ளிகள். நம் நிரலுக்கென்று சொந்தப் புள்ளி வேண்டும் என்றால் பைத்தான் 3.8 முதல் ஒரு எளிய வழி இருக்கிறது. தணிக்கை நிகழ்வை எழுப்பும் ஃபங்ஷன் ஒன்று சிஸ் மாட்யூலில் உண்டு. அதை "எடை வந்தது" என்ற பெயரோடு ஓரிடத்திலும், "சீட்டு போனது" என்ற பெயரோடு இன்னோரிடத்திலும் அழைத்தால், தணிக்கை ப்ரோப் வழியாக அந்தப் பெயர்கள் வெளியே தெரியும். யாரும் கேட்காதபோது செலவு மிகச் சிறிது.

பெயரை மட்டும் நம்பிப் பயன்படுத்துங்கள். கூடக் கொடுக்கும் மதிப்புகள் பைத்தானின் உள்வடிவத்தில் போகும், வெளியிலிருந்து பிரித்துப் படிப்பது சிரமம். இரண்டு பெயர், இரண்டு வரி. தராசில் மூட்டை ஏறிய கணத்துக்கும் சீட்டு கிளம்பிய கணத்துக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று, எந்த மாதத்தின் எந்தத் தேதியிலும், மாலை நான்கு மணிக்கே கேட்டுக்கொள்ளலாம்.